கஸ்தூரி வீட்டு எலுமிச்சையும் என் ரெண்டு கண்ணும்

"...அப்போ மூணு வாரமா தெரிஞ்சிகினேதான் இருந்திருக்கீங்க. தெனம் காலையில இந்தச் செவுத்தாண்ட நின்னு, 'டீ குடிச்சியா கஸ்தூரி'ன்னு கேட்டுகினு... இதைத் தெரிஞ்சிகினே!"

போன செவ்வாய்க்கிழமை காலை பத்து மணி. எங்கள் இரண்டு வீட்டுக்கும் நடுவில் இடுப்பளவுக்கு ஒரு காம்பவுண்டு சுவர். அந்தப் பக்கம் நின்று கேட்டவள் பக்கத்து வீட்டுக் கஸ்தூரி. இந்தப் பக்கம் நான். என் கையில் அவளுடைய எவர்சில்வர் கிண்ணம்.

வாரா வாரம் இந்தப் பத்திரிகையில் உங்களிடம் ஒரு பக்கத்துக்கு வாயடிக்கிறவள் நான்; அன்றைக்குக் கிண்ணத்தையே திருப்பித் திருப்பிப் பார்த்தேன்.

விஷயம் ஒரு எலுமிச்சை மரம்தான். சிரிக்காதீர்கள். பதினாறு வருஷத்துப் பழக்கம் அன்றைக்கு அந்த மரத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. என் யோக்கியதையும் கூடவே.

முதலிலிருந்து சொல்லிவிடுகிறேன்.

தெலுங்கு பேசும் ஊரான மல்காஜ்கிரியில் எங்கள் சந்தில் பதினோரு வீடு. அதில் தமிழ் பேசுகிற வீடு இரண்டு: எங்களுடையது, கஸ்தூரியுடையது. எங்களுக்குத் திருநெல்வேலிப் பக்கம், அவர்களுக்கு அரக்கோணம். நான் 'வந்துக்கிட்டு' என்பேன், அவள் 'வந்துகினு' என்பாள். வேண்டாம் என்று சொல்ல மட்டும் ரெண்டு பேருக்கும் ஒரே வார்த்தை — 'நக்கோ'. இந்த ஊர் சொல்லிக் கொடுத்தது. என்னைவிட ஆறு வயது சின்னவள், அதனால் 'அக்கா' என்றுதான் கூப்பிடுவாள். அவள் கணவர் செல்வராஜ், லாலாகுடா ரயில்வே வொர்க்‌ஷாப்பில் ஃபிட்டர். இந்தக் கடைசி விவரத்தைக் கொஞ்சம் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

நாலு வருஷத்துக்கு முன்னால் ஒரு மழைக்காலம். நர்சரிக்காரர் ஒருவர் டெம்போவில் செடிகளை ஏற்றிக்கொண்டு சந்துக்குள் வந்தார். நாங்கள் செருப்பு மாட்டி வெளியே வருவதற்குள் நல்லதெல்லாம் போய்விட்டது. எலுமிச்சைக் கன்று ரெண்டுதான் பாக்கி. ஒன்று முழங்கால் உயரம், புசுபுசு என்று இலை. இன்னொன்று ஒரு குச்சி. அதில் ஏழு இலை. ஏழு என்று எப்படித் தெரியும்? எண்ணினேனே.

"நீங்க எடுங்க அக்கா, மொதல்ல" என்றாள் கஸ்தூரி.

மூத்தவள் என்ன சொல்லியிருக்க வேண்டும்? 'நீ எடும்மா' என்று. நானும் சொன்னேன். சொல்லிக்கொண்டே புசுபுசுவைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டேன். குச்சியோடு அவள் வீட்டுக்குப் போனபோது, 'ஐயோ பாவம், பிழைக்குமோ என்னமோ' என்று வருத்தப்பட்டேன்.

வருத்தம் என்றா எழுதினேன்? சரி... சந்தோஷம்தான்.

அதற்குப் பிறகு என் செடிக்கு நான் செய்த பணிவிடையைக் கேளுங்கள். மீன் கழுவின தண்ணீர். வடிகட்டின டீத்தூள். முட்டை ஓடு பொடி. உரக்கடைக்காரர் ஒரு பிடி போடச் சொன்ன வெள்ளை உரம் — நான் ரெண்டு பிடி போட்டேன். குழாயில் மஞ்சீரா தண்ணீர் வருகிற நாளெல்லாம் சம்ப் தொட்டி நிறைகிறதோ இல்லையோ, மரத்துக்கு ரெண்டு பக்கெட் உண்டு. பறவை எச்சம் மாதிரியே இருக்கிற ஒரு புழு எலுமிச்சை இலையில் வரும். தினமும் காலையில் கண்ணாடி போட்டுக்கொண்டு அதைப் பொறுக்குவேன். அந்தச் சந்தில் இருந்த அத்தனை புழுவுக்கும் என் மரம்தான் மெஸ்.

"மம்மி, லைட் தீஸ்கோ. இட்ஸ் ஜஸ்ட் எ பிளான்ட்" என்பாள் என் மகள். அவளுக்குத் தமிழ் புரியும். வாயைத் திறந்தால் தெலுங்கும் இங்கிலீஷும்தான் வரும். 'பெரிசு பண்ணாதே' என்பதற்கு 'லைட் தீஸ்கோ' — எவ்வளவு நல்ல வார்த்தை! என் நோட்டில்கூட எழுதி வைத்திருக்கிறேன். ஆனால், நோட்டில் எழுதுவதும் நெஞ்சில் எடுப்பதும் ஒன்றா?

என் மரம் வளர்ந்தது. அப்படி வளர்ந்தது! மொட்டை மாடிக் கைப்பிடிச் சுவரை எட்டிவிட்டது. கரும்பச்சை இலை, விரல் நீளத்துக்கு முள். பூ? ஒன்றுகூட இல்லை.

கஸ்தூரி என்ன செய்தாள்? ஒன்றும் செய்யவில்லை. துணி அலசின தண்ணீரை எப்போதாவது அந்தப் பக்கம் கொட்டுவாள். லீவில் அரக்கோணம் போனால் பதினைந்து நாளைக்கு அதுவும் கிடையாது. அந்தக் குச்சி, அந்த ஏழு இலைக் குச்சி, போன வருஷம் காய்த்தது.

அவள் முதல் முதலாகக் கூப்பிட்டுக் காட்டியபோது இந்தச் சுவர் ஓரம் நின்று நான் சொன்னேன்: "எ...ம்மாடீ! இத்தனை காயா!"

எழுத்தில் அதன் இழுப்பு உங்களுக்குக் கேட்காது. அந்த 'எ'வுக்கும் 'மா'வுக்கும் நடுவில் ஒரு மௌலா அலி லோக்கல் ரயில் நின்று புறப்பட்டிருக்கும்.

மறுநாள் காலையில் சமையலறை ஜன்னலைத் திறந்தேன். ஒரு மூஞ்சி என்னை முறைத்தது.

புதுசாகக் கட்டுகிற வீட்டில் தொங்குமே — முட்டைக் கண், முறுக்கு மீசை, வெளியே தள்ளின சிவப்பு நாக்கு — அந்தத் தகரத் திருஷ்டி பொம்மை. கஸ்தூரியின் எலுமிச்சை மரத்தில், கிளை பிரிகிற இடத்துக்குக் கொஞ்சம் கீழே, சுவருக்கு மேலாக எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. சந்தில் பதினோரு வீடு. ஏறக்குறைய ஐம்பது ஜன்னல் இருக்கும். அது பார்த்தது ஒரே ஒரு ஜன்னலை.

"என்ன கஸ்தூரி, புதுசா விருந்தாளி?" என்று கேட்டேன், சிரித்துக்கொண்டே.

"சும்மா அக்கா. போற வர்றவங்க கண்ணு" என்றாள், அவளும் சிரித்துக்கொண்டே. போகிறவர் வருகிறவர் எல்லாம் என் சமையலறைக்குள்ளா போகிறார்கள்?

"அவர்தான் கட்டினாரு. எங்க வூட்டுக்காரர் கட்டினா மெயில் வண்டி போனாலும் ஆடாது!"

உண்மைதான். செல்வராஜ் கை வொர்க்‌ஷாப் கை. ஆடுகிற பொருள் எதையும் அவரால் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. துணிக்கொடி, கேட்டு, குழாய், பால் பை தொங்கவிடுகிற கொக்கி — அந்த வீட்டில் எல்லாவற்றுக்கும் கட்டுக்கம்பி. ரெண்டு சுற்று, பிளேயரால் ஒரு முறுக்கு, மேலே இன்னொரு முறுக்கு. முடிந்தது.

அது போன வருஷம். இந்த வருஷம் சங்கராந்தி முடிந்ததும் அந்த மரம் பூத்தது பாருங்கள்... இலையே தெரியவில்லை. வெள்ளை வெளேர் என்று ஒரு மரம்! வாசனை ஜன்னல் வழியாக வந்து என் சாம்பாருக்கு மேலே நின்றது. ஜன்னலைச் சாத்தினேன். வேர்த்தது. திறந்தேன். வாசனை. என்னதான் செய்வது?

கோடை முழுக்க ஒரே காய்ப்பு. வாரம் தவறாமல் கஸ்தூரி ஒரு எவர்சில்வர் கிண்ணத்தில் பழம் கொண்டுவந்து தருவாள். கிண்ணத்தைச் சும்மா திருப்பிக் கொடுக்க முடியுமா? முதல் வாரம் ஒரு பிடி சர்க்கரை போட்டுக் கொடுத்தேன். ரெண்டாவது வாரம் முறுக்கு. மூன்றாவது வாரம் முந்திரி பக்கோடா. ஏப்ரல் முடிவதற்குள் நான் நெய்யில் மைசூர்பாகு கிளறிக்கொண்டிருந்தேன். அவள் மரம் காய்க்கிறது, என் அடுப்பு எரிகிறது.

வயிறும்தான்.

சந்தில் யார் வீட்டில் பூஜை என்றாலும், "கஸ்தூரி வீட்டு எலுமிச்சை தெப்பிச்சண்டி" — வரவழையுங்கள் — என்றார்கள். அதையாவது பொறுத்துக்கொண்டேன். என் வீட்டுக்காரர் — அவரைப் பற்றி நிறைய எழுதியிருக்கிறேன், கல்யாணமாகி முப்பத்திரண்டு வருஷத்தில் என் சமையலை 'ம்' என்ற ஒற்றை எழுத்தில் பாராட்டுகிறவர் — பருப்பில் அந்தப் பழத்தைப் பிழிந்துவிட்டு, "அடேயப்பா, என்ன சாறு!" என்றார்.

முப்பத்திரண்டு வருஷம்!

பொறாமை என்பது பெரிய பெரிய விஷயத்துக்குத்தான் வரும் என்று யார் சொன்னது? அடுத்த தெருவில் நாலு மாடி எழும்பினபோது எனக்கு ஒன்றும் ஆகவில்லை. மகளுடன் படித்தவள் அமெரிக்கா போனபோது ஸ்வீட் வாங்கிச் சாப்பிட்டேன். ஆனால் நாமும் வாங்கின அதே டெம்போ, அதே நாள், அதே கன்று... அதிலும் நல்லதை எடுத்துக்கொண்டவள் நான்! அதுதான் குடைந்தது.

தலையில் கூடை வைத்து வரும் பூக்காரம்மா ஒருநாள் என் மரத்தடியில் தேங்கி நின்ற தண்ணீரைப் பார்த்தாள். "செட்டுக்கி ஆகலி வத்தா அம்மா?" என்றாள். மரத்துக்குப் பசி வேண்டாமா? எனக்குச் சுருக்கென்றது. நோட்டில் எழுதிக்கொண்டேன். அன்றிலிருந்து தண்ணீரை நிறுத்தினேன். உரத்தையும். நம்பிக்கையினால் அல்ல, கோபத்தில்தான். பட்டினி கிட, உனக்கு என்ன கேடு என்று.

இப்போது மூன்று வாரத்துக்கு முந்தைய கதைக்கு வருகிறேன். போனாலு திருவிழா நெருங்குகிற சமயம். அம்மன் கோயில் மாலைக்கு எலுமிச்சை வேண்டியிருந்தது. "நீங்களே பறிச்சிக்குங்க அக்கா, முள்ளு பாத்து" என்று கஸ்தூரி வேலையாக உள்ளே போய்விட்டாள்.

பொம்மைக்குப் பின்னால் ஒரு பழம். பொம்மையை லேசாகத் தூக்கினேன்.

கம்பியைக் காணோம்.

உற்றுப் பார்த்தேன். இருக்கிறது — பட்டைக்கு உள்ளே. போன வருஷம் ரெண்டு விரல் தடிமனாக இருந்த மரம் இப்போது மணிக்கட்டு அளவு. கம்பி மட்டும் அதே அளவு. சதைக்குள் வளையல் இறங்கின மாதிரி மரத்துக்குள் இறங்கி, அதற்கு மேலே பட்டை பிதுங்கி நின்றது. நிமிர்ந்து பார்த்தேன். மேலே இலையெல்லாம் மஞ்சள். நரம்பு தனியாகத் தெரிகிற, சோகை பிடித்த மஞ்சள்.

தோட்ட வீடியோ போடுகிற ஒரு தம்பி சொன்னது எனக்கு உடனே ஞாபகம் வந்தது. இலை தயாரிக்கிற சாப்பாடு பட்டை வழியாகத்தான் வேருக்கு இறங்குமாம். பட்டையை இறுக்கினால் அது மேலேயே தங்கிவிடும். மரம் பூவாகக் கொட்டும். "பார்க்கிறவங்களுக்கு அழகா இருக்கும்ங்க. கீழே வேர் பட்டினி கிடக்கும்" என்றார்.

ஆக, ஆறு மாசமாக நான் வயிறெரிந்து பார்த்தது, கழுத்து நெரிபட்ட ஒரு மரத்தை.

அந்த நிமிஷம் என் மனசில் என்ன வந்தது? இரக்கம் என்று எழுத ஆசைதான். வந்தது சந்தோஷம். 'அதானே பார்த்தேன்! இது நிஜக் காய்ப்பு இல்லை!'

பழத்தை மடியில் போட்டுக்கொண்டு பேசாமல் வீட்டுக்கு வந்துவிட்டேன்.

சொல்லியிருக்கலாம். ஒரே வாக்கியம். கம்பி இறுக்குது, வெட்டிவிடு. சொல்லவில்லை. முதல் வாரம், 'என் கண்ணுக்காகக் கட்டினாள், அனுபவிக்கட்டும்' என்று இருந்தேன். ரெண்டாவது வாரம் மஞ்சள் கூடியது. இப்போது சொன்னால், 'எப்போ பார்த்தீங்க' என்று கேட்பாளே? மூன்றாவது வாரம் பயமே வந்துவிட்டது. மரம் செத்துப்போனால் சந்து என்ன சொல்லும்? என் கண் பட்டது என்றுதான் சொல்லும். சொன்னாலும் நான் மாட்டினேன், சொல்லாவிட்டாலும் நான் மாட்டினேன். நடுவில் தினமும் காலையில் சுவரோரம் நின்று... 'டீ குடிச்சியா கஸ்தூரி?'

செவ்வாய்க்கிழமை அவள் கிண்ணத்தோடு சுவரோரம் வந்தாள். உள்ளே நாலே நாலு பழம். சுண்டைக்காயைவிடக் கொஞ்சம் பெரிசு, அவ்வளவுதான்.

"இவ்ளோதான் அக்கா. மரம் என்னமோ மாதிரி ஆயிடுச்சி. எலயெல்லாம் கொட்டுது. யார் கண்ணோ..." என்றவள், என் தோளுக்கு மேலே பார்த்தாள். அப்படியே நின்றுவிட்டாள்.

"எ...ம்மாடீ! அக்கா! உங்க மரம் மொட்டு வெச்சிருக்கு, பாக்கலியா நீங்க?"

திரும்பினேன். ஆமாம். கிளை நுனியிலெல்லாம் கொத்துக் கொத்தாக மொட்டு. லேசாக ஊதா பூசின வெள்ளை. பட்டினி கிடந்து, மேலே முதல் மழை விழுந்ததும் வைத்திருக்கிறது. எத்தனை நாளாக இருக்கிறதோ? நான் பார்க்கவில்லை. என் மரத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு மூன்று வாரமாக நான் பார்த்தது அவள் மரத்தை.

ஒன்று கவனித்தேன். அவள் 'எம்மாடீ'யிலும் அதே இழுப்பு. அதே லோக்கல், அதே ஸ்டேஷன். தன் மரம் கொட்டிக்கொண்டிருக்கும்போது என் மொட்டைப் பார்க்கிறாள் — வராமல் இருக்குமா? ஆனால் பார்த்த அந்த விநாடியே வாய்விட்டுச் சொல்லிவிட்டாளே! அவளுக்கு ஒரு விநாடி. எனக்கு மூன்று வாரம்.

"இன்னா போடறீங்க இதுக்கு?" என்று கேட்டுவிட்டு, அவளே தொடர்ந்தாள். "எங்க பொம்மை லூசாயிட்டு இருக்கும்போல, அதான் கண்ணு படுதுன்றாரு. இன்னைக்கு அவருக்கு ரெஸ்ட்டு. பழைய கம்பிக்கு மேலயே இன்னொரு சுத்து போட்டு டைட் பண்ணிடறேன்னு பிளேயர் தேடிகினு இருக்காரு."

"நக்கோ கஸ்தூரி!"

நான் கத்தினது எனக்கே தூக்கிவாரிப் போட்டது.

சொன்னேன். கம்பி, பட்டை, மஞ்சள், வேர் எல்லாம். என்றைக்குப் பார்த்தேன் என்பதையும் சொன்னேன். அதை மட்டும் விழுங்கியிருக்கலாம். வாய் நிற்கவில்லை.

அப்போதுதான் அவள் கேட்டாள் — இந்தக் கட்டுரையின் முதல் வரியில் நீங்கள் படித்ததை.

பதில் சொல்ல முடியாதவள் என்ன செய்வாள்? எதிர்க்கேள்வி கேட்பாள்.

"அந்தப் பொம்மையை எனக்காகத்தானே கட்டினே?"

"ஹவ்" என்றாள். இந்த ஊர் 'ஆமாம்'.

பட்டென்று, கண்ணைப் பார்த்து, ஒற்றை வார்த்தையில். பதினாறு வருஷத்தில் நாங்கள் பேசிக்கொண்டதிலேயே சுத்தமான உண்மை அதுதான் என்று நினைக்கிறேன்.

செல்வராஜ் கட்டிங் பிளேயரோடு வந்தார். பொம்மையைத் தூக்கிப் பார்த்தார். "ஆடக் கூடாதுன்னுதான்..." என்றார். பிறகு குழந்தை கையில் முள் எடுக்கிற மாதிரி, பட்டையைக் கீறி, கம்பியைத் துண்டு துண்டாக நறுக்கி எடுத்தார். ஒரு துண்டு வரவேயில்லை. அது மரத்தோடு போகட்டும் என்று விட்டுவிட்டார். ஒரே ஒரு இடத்தில் மட்டும், பொம்மையின் கொக்கி கம்பியைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்திருந்ததால், ஒரு விரல் அகலத்துக்குப் பட்டை அறுபடாமல் இருந்தது. மேலிருந்து கீழே ஒரு சின்னப் பாலம். மரம் பிழைத்தால் அந்த ஒரு விரலில்தான் பிழைக்க வேண்டும்.

பிழைக்குமா? தெரியவில்லை. நாலு வருஷத்துக்கு முன்னால் கேட்ட அதே கேள்விதான். இந்தத் தடவை நிஜமாகவே கேட்கிறேன்.

கஸ்தூரி கீழே விழுந்த பொம்மையை எடுத்து, முந்தானையால் அதன் மூஞ்சியைத் துடைத்தாள். அதோடு வீட்டுக்குள் போய்விட்டாள். குப்பைக்குத்தான் என்று நினைத்தேன். எங்கள் பழக்கமும் அதனுடனேயே போகிறது என்று நினைத்தேன்.

ரெண்டு நிமிஷத்தில் வந்தாள். ஒரு கையில் பொம்மை, இன்னொரு கையில் பழைய புடவையிலிருந்து கிழித்த ஒரு கரை. தன் கேட்டைத் திறந்து சந்தில் இறங்கினாள். என் கேட்டைத் திறந்தாள். கிண்ணத்தோடு நிற்கிற என்னைத் தாண்டிக்கொண்டு நேரே என் மரத்துக்குப் போனாள். கரையைச் சுற்றிப் பொம்மையைக் கட்டினாள் — லூசாக. ரெண்டு விரலை உள்ளே விட்டுப் பார்த்து, இன்னும் கொஞ்சம் தளர்த்தினாள். அது அப்படியும் இப்படியும் ஆடியது.

பிறகு அதன் முகத்தைப் பிடித்து, நேராகத் தன் வீட்டுச் சமையலறை ஜன்னலைப் பார்க்கும்படி திருப்பி வைத்தாள்.